கறுத்த தவளையும் சேர்வராயன் மலைப் பூதமும்: கதிர்வீச்சுக் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கதை வாசிக்கிறோம். பேய்க்கதை, பூதக்கதை என்றால் எங்களுக்கு உயிர். கொஞ்ச நாளாக ஒரே வகைக் கதை வந்து குவிகிறது: அணுக்கதிர் பட்டு ராட்சதனாகிவிட்ட மிருகம். காட்டெருமை மூன்று மாடி உயரத்துக்கு வளர்கிறது. ஏற்காடு ஏரியிலிருந்து விரால் மீன் எழுந்து வந்து படகுத்துறையை விழுங்குகிறது. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன் என்பதால் எல்லாச் சந்தேகமும் என்னிடமே வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

கதிர்வீச்சு பட்டால் மிருகம் பெரிதாக வளருமா?

வளராது. நோய்ப்படும், மெலியும், குட்டி போடாமல் போகும், அல்லது வெளியே ஒன்றுமே தெரியாமல் வாழும். ராட்சத வளர்ச்சி மட்டும் இதுவரை எங்கும் நடந்ததில்லை.

ஏன் என்பதற்கு வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி போதும். 10 செ.மீ. நீளம், 5 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அதை எல்லாப் பக்கமும் 100 மடங்கு பெருக்கினால் நீளம் 10 மீட்டர் ஆகும். எடை 100 மடங்கல்ல, பத்து லட்சம் மடங்கு கூடும். அதாவது 5 டன். ஆனால் காலின் குறுக்குப் பரப்பு பத்தாயிரம் மடங்குதான் கூடும். ஒவ்வொரு துளி எலும்பும் முன்பைவிட 100 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். தாங்காது. சுவரில் ஏறுவதை விடுங்கள், தரையில் எழுந்தே நிற்காது. கலிலியோ இதை 1638-லேயே எழுதிவிட்டார். கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்த ஹால்டேன் என்ற உயிரியலாளரும் இதைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். பூச்சிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவை மூச்சு விடுவது உடம்பெங்கும் ஓடும் நுண்குழாய்கள் வழியாக. எருமை அளவு எறும்பு இருந்தால் மூச்சு முட்டியே செத்துப்போகும்.

கதையில் பெரிதாக்கியே தீருவேன் என்றால் ஆக்குங்கள். சாபம், வரம், வேற்றுக்கிரகம் என்று ஏதாவது காரணம் வையுங்கள். சீசியம் போன்ற கதிர்வீச்சுப் பொருளின் தலையில் மட்டும் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

அப்படியானால் உடம்புக்குள் அது என்னதான் செய்கிறது?

சேலத்துக்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொல்லலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்கிறவர் தறியை நிறுத்தி, நுனி இரண்டையும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத் தொடர்கிறார். துணியில் யாருக்கும் தெரியாது. உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வும் இரட்டை இழை. கதிர்வீச்சு அதை நேராக அறுக்கும். அல்லது உயிரணுவில் இருக்கும் தண்ணீரை உடைத்து, அதில் பிறக்கும் வெறிபிடித்த மூலக்கூறுகளைக் கொண்டு அறுக்கும். ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்ய உயிரணுவுக்குள்ளேயே ஆள் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். சில நேரம் நுனி மாறி முடிச்சு விழுந்துவிடும். கதிர்வீச்சால் வரும் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் நேரும் மாற்றம், பெரும்பாலும் இப்படித் தப்பாக விழுந்த முடிச்சுதான்.

எக்ஸ் கதிர் பழ ஈக்களில் சடுதிமாற்றத்தை உண்டாக்கும் என்று 1927-இல் காட்டியவர் ஹெர்மன் முல்லர். 1946-இல் அதற்கு நோபல் பரிசு வாங்கினார். மாற்றங்களில் பெரும்பகுதி ஒன்றும் செய்யாது, மீதியில் பெரும்பகுதி கெடுதல் செய்யும். லட்சத்தில் ஒன்று நல்லதாக விழுந்தால் அதிர்ஷ்டம். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு, அது தானாகவே இறங்குவரிசையில் விழும் என்று காத்திருப்பது போன்ற வேலை இது.

செர்னோபிலில் தவளைகள் கறுத்துவிட்டனவாமே?

ஆம். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே கதைக்கு மிக ஏற்ற விஷயம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1986 ஏப்ரல் 26 அன்று, அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காவது உலை வெடித்தது. பக்கத்தில் இருந்த பிரிப்யாத் ஊரை மறுநாள் மதியம் காலி செய்தார்கள். அங்கே இருந்தவர்கள் சுமார் 49,000 பேர். உலைக்கு அடுத்திருந்த பைன் காடு கருகிச் செம்பழுப்பாகச் செத்தது. இன்றும் அதற்குச் செங்காடு என்றே பெயர். அந்த வட்டாரத்தில் ஒரு மரத்தவளை உண்டு. வெளியே எங்கும் அது தளிர் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். 2016-இல் அங்கே போன ஆய்வாளர்கள் கண்ணில் கறுப்புத் தவளைகள் பட்டன. பிறகு ஹெர்மன் ஒரிசாயோலா, பாப்லோ புர்ராகோ இருவரும் 12 குளங்களில் 200-க்கும் மேற்பட்ட ஆண் தவளைகளைப் பிடித்து நிறத்தை அளந்தார்கள். மக்கள் வாழத் தடைசெய்த விலக்கு மண்டலத்துக்குள் இருந்தவை வெளியே இருந்தவற்றைவிடக் கறுத்திருந்தன. 2022-இல் கட்டுரை வெளிவந்தது.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. இன்று எந்தக் குளத்தில் கதிர்வீச்சு அதிகமோ அங்கே தவளை கறுப்பு என்று கணக்கு வரவில்லை. 1986-இல் எந்த இடத்தில் அதிகமாக விழுந்ததோ, அதற்குப் பக்கத்தில்தான் கறுப்பு. ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது: கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் கதிர்வீச்சின் அடியை ஓரளவு உறிஞ்சி ஆற்றிவிடுகிறது. விபத்துக்கு முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுத்த தவளைகள் இருந்திருக்கும். அந்த முதல் நாட்களில் பச்சைத் தவளைகள் அதிகம் செத்தன, கறுத்தவை அதிகம் தப்பின. இன்று குளத்தில் கத்துவது தப்பியவற்றின் பத்துப் பதினைந்து தலைமுறை தாண்டிய பேரன்கள்.

நம் வட்டத்தில் வரும் கதைகளில் பத்துக்கு ஒன்பது தடுக்கி விழும் இடம் இதுதான். எந்தத் தவளையும் கறுப்பாக *மாறவில்லை*. கறுத்தவை மிஞ்சின. நிறம் மாறுவதென்றால் நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேரைகூட வெளிறும், மறுபடி கறுக்கும். அது வேறு கதை. "பச்சைத் திரவத்தில் விழுந்தான், எழுந்தபோது பூதமாக இருந்தான்" என்பது ஓர் ஆளின் கதை. செர்னோபில் தவளையின் கதை ஒரு குலத்தின் கதை. செத்துப்போன பச்சைத் தவளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. ஒரு குளத்தில் ஒரு ராத்திரி கூப்பிட்ட குரல்களில் பாதி அடுத்த மழைக்குக் கேட்கவில்லை என்று தொடங்கிப் பாருங்கள்.

கதிர்வீச்சைத் தின்று வளரும் பூஞ்சை உண்மையா?

பாதி உண்மை. வெடித்த உலையின் சுவர்களிலேயே கறுப்புப் பூஞ்சைகள் படர்ந்திருப்பதை உக்ரைனிய ஆய்வாளர் நெல்லி ஜ்தனோவாவின் குழு 1990-களில் கண்டது. சில இனங்கள் கதிர்வீச்சு வரும் திசை நோக்கியே வளர்ந்தன. 2007-இல் நியூயார்க்கில் எகடெரினா டாடச்சோவா, ஆர்ட்டுரோ கசாடவால் குழு, மெலனின் உள்ள பூஞ்சைகள் கதிர்வீச்சில் வேகமாக வளர்வதைச் சோதித்துக் காட்டியது. இலை வெயிலைப் பிடிப்பதுபோல மெலனின் கதிர்வீச்சின் ஆற்றலைப் பிடிக்கிறதோ என்பது அவர்கள் வைத்த கருத்து. அது இன்னும் நிரூபணமாகவில்லை. கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சையைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே அனுப்பி வளர்த்துப் பார்த்தார்கள். மெல்லிய படலம் கொஞ்சூண்டு கதிர்வீச்சைத் தடுத்தது.

மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஒரு வாரம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தவர்களுக்குச் சுவர்ப் பூசணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. செருப்பு, பெல்ட், சாமி படத்தின் சட்டம், எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். அது ஒரு மூலையை நோக்கி மட்டும் வளர்கிறது என்று எழுதினாலே போதும், படிக்கிறவருக்கு முதுகு சில்லிடும்.

ஓநாய்களுக்குப் புற்றுநோயே வருவதில்லையாமே? நீல நாய்கள்?

ஓநாய்ச் செய்தியைப் பாதி விலைக்கு வாங்குங்கள். காரா லவ், ஷேன் கேம்ப்பெல்-ஸ்டாட்டன் குழுவினர் செர்னோபில் ஓநாய்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, அவை எங்கே திரிகின்றன, எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகின்றன என்று அளந்தார்கள். தொழிலாளிக்கு அனுமதித்த அளவைப்போல ஆறு மடங்குக்கும் மேல் நாள்தோறும் வாங்குகின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சை எடுக்கும் புற்றுநோயாளியின் நோய் எதிர்ப்பு மண்டலம் போல அவற்றினுடையதும் மாறியிருக்கிறது என்றும், புற்றுநோயைத் தாங்க உதவக்கூடிய மரபணுப் பகுதிகள் தென்படுகின்றன என்றும் 2024 தொடக்கத்தில் ஒரு மாநாட்டில் சொன்னார்கள். "புற்றுநோயே வராத ஓநாய்" என்று தலைப்பு வைத்தது செய்திக்காரர்கள்.

நாய்கள் விஷயம்: 2023-இல் 302 நாய்களின் ரத்தத்தைச் சோதித்ததில், உலையருகே வாழும் நாய்களும் செர்னோபில் நகர நாய்களும் மரபணுவில் வேறு வேறு கூட்டம் என்று தெரிந்தது. பிறகு வந்த ஆய்வு, அந்த வேறுபாட்டுக்குக் கதிர்வீச்சால் வந்த சடுதிமாற்றம்தான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றது. 2025-இல் இணையமெங்கும் ஓடிய நீல நாய்கள், நடமாடும் கழிப்பறையின் ரசாயனத்தில் புரண்டு வந்தவையாக இருக்கும் என்று அவற்றைப் பராமரிப்பவர்களே சொன்னார்கள். சாயப்பட்டறை ஊர்களில் நாய்க்கு நிறம் ஏறுவது நமக்கு என்ன புதுசா?

அதேபோல, உலையின் குளிர்விப்புக் குளத்தில் இருக்கும் ஆள் நீளக் கெளுத்தி மீன். அந்த இனமே அவ்வளவு பெரிதாக வளர்வதுதான். பிடிக்க ஆளில்லை, 2022-இல் போர் வரும்வரை சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ரொட்டி வேறு போட்டார்கள்.

அப்படியென்றால் அங்கே விலங்குகள் நன்றாகத்தான் இருக்கின்றனவா?

இதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை. 2015-இல் வந்த ஆய்வு ஒன்று பெலாரஸ் பக்கத்து மண்டலத்தில் பல வருடக் கணக்கெடுப்பைப் பார்த்தது. மான், காட்டுப்பன்றி எல்லாம் பக்கத்துச் சுத்தமான காப்பகங்களில் இருக்கும் அளவுக்கு இருந்தன. ஓநாய்கள் மட்டும் ஏழு மடங்குக்கும் மேல். மறுபக்கம் ஆண்டர்ஸ் மோலர், திமோத்தி மூசோ இருவரும் பல வருடங்களாகச் சொல்வது வேறு: கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் பறவையும் சிலந்தியும் பூச்சியும் குறைவு, தகைவிலான் குருவிகளில் வெள்ளை இறகு அதிகம், பறவைகளின் மூளை சிறுத்திருக்கிறது. அவர்கள் முறையைக் குறைசொல்கிறவர்களும் உண்டு.

என் கணிப்பு இது. கதிர்வீச்சு கெடுதல்தான். ஆனால் உழுவது, வெட்டுவது, வேட்டையாடுவது, சாலை போடுவது எல்லாம் சேர்ந்து செய்யும் கெடுதல் அதைவிடப் பெரிது. மனிதன் வெளியேறியதும் ஒரு நஷ்டமும் ஒரு லாபமும் ஒரே நாளில் வந்தன, லாபம் கொஞ்சம் கனமாக இருந்தது.

இதை ஏற்காட்டிலேயே பார்க்கலாம், அணு உலை வேண்டியதில்லை. போன மார்கழியில் ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீட்டருகே டீக்கடையில் நின்றிருந்தேன். பழம் பறிக்கும் அம்மா ஒருவரிடம், "ஏம்மா, காட்டெருமை வந்தா பயமா இருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும் கண்ணு. நாங்க பேசிக்கிட்டே பறிப்போம், அது ஒதுங்கிக்கும். அந்தா, மேல பூட்டிக் கெடக்கு பாரு பங்களா, அங்கதான் போர்ட்டிகோலயே வந்து படுத்துக்குது. ஆள் சத்தம் இல்லீன்னா அதுக்கு எப்பிடித் தெரியும், இது ஊடா காடான்னு?"

அவர் காட்டிய பங்களாவைப் போய்ப் பார்த்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மிளகுக்கொடி ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தது. படியில் காய்ந்த சாணம், தூணில் என் தோள் உயரத்துக்கு உரசித் தேய்ந்த சுண்ணாம்பு. கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. நம் வட்டத்தில் வாசித்த எந்த மூன்று மாடி எருமையும் அந்தத் தூண் அளவுக்கு என்னைப் பயமுறுத்தியதில்லை.

கதிர்வீச்சு பட்டது பச்சையாக ஒளிருமா?

இல்லை. பழைய கடிகார முள்ளில் ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு பச்சையாக மின்னியது. அந்த நினைவுதான் இன்றுவரை ஓடுகிறது. உலைத் தண்ணீருக்குள் தெரியும் செரன்கோவ் ஒளி நீலம். ஒளிரும் பிராணி வேண்டுமென்றால் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி இரவில் மலையடிவாரக் கல்லிடுக்குகளில் அடித்துப் பாருங்கள். தேள் ஒவ்வொன்றும் நீலப் பச்சையாக ஜொலிக்கும். பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.

ஃபுகுஷிமாவில் உருக்குலைந்த வண்ணத்துப்பூச்சி நம் ஊரிலும் இருக்கிறதா?

உருக்குலைந்தது இல்லை, அந்த இனம் இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்து ஃபுகுஷிமா உலைகள் உருகின. ஒக்கினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஒரு சின்ன வெளிர்நீல வண்ணத்துப்பூச்சியைச் சேகரித்து, சிறகு சிறுத்தும் கண் குறைபட்டும் பிறந்தவற்றைப் பற்றி 2012-இல் எழுதினார்கள். அடுத்த தலைமுறைகளில் குறை கூடியது என்றார்கள். அதன் புழு தின்பது புளியாரை. நாலு விரற்கடை உயரம்கூட வளராத, வாயில் போட்டால் புளிக்கும் அதே மூவிலைக் களை. பூந்தொட்டி ஓரத்தில் அதைப் பிடுங்காமல் விட்டால் காலையில் நகத்தளவு நீலமாக ஒன்று தாழப் பறந்து வந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

அணுக்கதிர்ப் பன்றிக் கதையும் ஒன்று உண்டாமே?

இரண்டு உண்டு. ஃபுகுஷிமாவில் மக்கள் விட்டுப்போன வளர்ப்புப் பன்றிகள் காட்டுப்பன்றிகளோடு கலந்து குட்டி போட்டன. செய்திகள் அதற்கும் அணுக்கதிர்ச் சாயம் பூசின. நடந்தது சாதாரணக் கலப்பு.

இரண்டாவது ஜெர்மனியின் பவேரியாவில். மான்கள் உடம்பிலெல்லாம் சீசியம் குறைந்துகொண்டே வர, காட்டுப்பன்றி இறைச்சியில் மட்டும் குறையவே இல்லை. சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருடம் ஆகும். அந்தக் கணக்குப்படிகூடக் குறையவில்லை. 2023-இல் விடை வந்தது. குளிர்காலத்தில் பன்றி நிலத்தைக் கிண்டி ஒருவகை அடிநிலக் காளானைத் தின்கிறது. சீசியம் மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்கி இப்போதுதான் அந்தக் காளானை எட்டுகிறது. அதுவும் எல்லாம் செர்னோபிலுடையது அல்ல. கணிசமான பங்கு 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளில் வானத்திலிருந்து விழுந்தது. தாத்தா காலத்துப் பாவம் பேரன் தட்டில். இதற்கு மேல் கதைக்கு என்ன வேண்டும்?

தமிழ்நாட்டில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகமான இடம் உண்டா?

உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அந்த மணலில் தோரியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த மோனசைட் கனிமம் இருக்கிறது. கேரளத்தில் சவறா, கருநாகப்பள்ளிப் பக்கமும் அப்படியே. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அங்கே வாழ்கிறார்கள். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், இந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 1960-களில் பிரிட்டிஷ் மரபியலாளர் குரூனெபெர்க் குழுவினர் அந்தக் கரையின் எலிகளைப் பிடித்து எலும்பு எலும்பாகப் பார்த்தார்கள். சொல்லும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. பூதம் தேடிப் போனவர்களுக்கு வெறும் எலிதான் கிடைத்தது.

சேலத்தில் அணு உலையே இல்லையே. கதையில் கதிர்வீச்சை எங்கிருந்து கொண்டுவருவது?

பழைய இரும்புக் கடையிலிருந்து. கிண்டலாகச் சொல்லவில்லை. 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து சிகிச்சைக் கருவியைப் பெயர்த்துப்போய் பழைய சாமான் கடையில் போட்டார்கள். உள்ளே சீசியம்-137. இருட்டில் நீலமாக மின்னியதால் ஆசைப்பட்டு உறவினர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். நான்கு பேர் செத்தார்கள். ஒன்று ஆறு வயதுக் குழந்தை. 2010-இல் டெல்லியின் மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 இருந்து, பழைய சாமான் கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார்.

சேலம் இரும்பு ஊர். பற்றவைத்த இணைப்புகளைச் சோதிக்க இரிடியம்-192 என்ற கதிர்வீச்சுப் பொருள் எங்கும் பயன்படுவதுதான். ஒரு ஈயப் பெட்டி, எடைக்கு எடை பேரம், குப்பனூர் வழியாக மலையேறும் ஒரு மினி லாரி. உங்களுக்குத் தொடக்கம் கிடைத்துவிட்டது. மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கப் பள்ளங்களும் இருக்கின்றன. ஆனால் அந்த வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைக் கதிர்வீச்சுப் பொருள் என்று எழுதிவிடாதீர்கள். இருவர் எழுதினார்கள். அது உலைக்களச் செங்கலுக்குப் போகும் சாதுவான கல்.

அணுப் பூதக் கதைகள் எங்கே பிறந்தன?

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு, போட்ட கணக்கைவிட இரண்டரை மடங்கு பலமாக வெடித்தது. தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் சாம்பல் பனிபோலக் கொட்டியது. படகில் 23 பேர். வானொலி இயக்கிய குபோயாமா செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் ஜப்பானியத் திரையில் காட்ஜில்லா எழுந்தது. அந்தப் படம் ஒரு கப்பல் எரிவதில் தொடங்குவது தற்செயல் அல்ல. பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் படகு நினைவிருந்தது. நீங்கள் எழுதும் பூதத்துக்குப் பின்னால் இப்படி ஒரு படகு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் பெரிய பல்லி.

நம் ஊர் மரபில் பூதத்தை எப்படி எழுதுவது?

முதலில் வெளிநாட்டுப் படச் சட்டகத்தைக் கழற்றி வையுங்கள். ராணுவம் வரும், ஏவுகணை விடும், பூதம் கடலுக்குத் திரும்பும். சேலத்தில் கடலும் இல்லை. நம் ஊரில் கண்ணை உருட்டி மீசை முறுக்கி அரிவாளோடு உட்கார்ந்திருப்பவர் முனியப்பன். அவரைப் பார்த்தால் பயம். ஆனால் அவர் காவல். புது வண்டி வாங்கியதும் முதலில் போவது அவரிடம்தான். காலி செய்த மலையைக் காக்கும் பிராணியை நாம் ஏன் அழிக்கப் போகிறோம்? கிடா வெட்டிச் சமாதானம் பேசத்தான் பார்ப்போம். அந்தப் பேச்சுவார்த்தையை எழுதுங்கள்.

அப்புறம் மறைத்துக் காட்டும் கலை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் யாளிகளோடு நிற்காமல் அந்த இரண்டு தூண்களையும் பாருங்கள். ராமன் நிற்கும் தூணிலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணிலிருந்து ராமன் தெரிய மாட்டான். உங்கள் கதையில் வரும் மனிதர் எப்போதும் வாலி இடத்தில் நிற்கட்டும்.

மூன்றாவது, பக்கத்து மலைக்காரி. சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை. புயல் இடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் உருக்குலையாத பெண் உருவம். பிற்காலத்தார் அவள் சிரித்தே ஆளைக் கொல்வாள் என்றார்கள். எதிரே எது வந்தாலும் மாறாத ஒன்று, மாறிப்போன ஒன்றைவிட அச்சம் தரும் என்று நினைக்கிறேன்.

கதிர்வீச்சில் மாறிய உயிரை நாம் சாப்பிட்டிருக்கிறோமா?

நிலக்கடலை. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் விதைகளைக் கதிர்வீச்சில் காட்டி, விளைந்ததில் நல்லதைப் பொறுக்கிப் பல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் கதிர்வீச்சு கொஞ்சமும் மிஞ்சி இருக்காது. சில ரகங்களில் பருப்பு நிஜமாகவே பெரிது. ராட்சதன் கேட்டீர்களே, இதுதான்.

லேசில் சாகாத நீர்க்கரடியை நானே பார்க்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், எட்டுக் கால் பிராணி. உடம்பு வாங்கும் கதிர்வீச்சைக் கிரே என்ற அலகில் அளப்பார்கள். மனிதனுக்கு 4, 5 கிரே உயிருக்கு ஆபத்து. சில நீர்க்கரடி இனங்கள் 4,000 கிரேயையும் தாங்கும். டி.என்.ஏ.வைப் போர்த்திக் காக்கும் ஒரு புரதத்தை 2016-இல் டோக்கியோ ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நமக்குப் பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்துச் சுவர்ப் பாசியிலேயே ஓர் இனம் கிடைத்தது. கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கின் கீழ் அது நீலமாக ஒளிர்ந்துகொண்டு பிழைத்தது. 2020-இல் செய்தி வந்தது. அது புற ஊதா, அணுக்கதிர் அல்ல, கதையில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செய்முறை: அடிவாரத்திலிருந்து பேருந்தில் ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது இறங்கித் தடுப்புச் சுவரில் காய்ந்து மொறமொறப்பான பாசியை ஒரு தீப்பெட்டி அளவு சுரண்டிக்கொள்ளுங்கள். குரங்கு பையைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் டீ சாஸரில் மழைத்தண்ணீர் ஊற்றிப் பாசியை மல்லாக்கப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் பிழிந்து, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் 40 மடங்கில் பாருங்கள். முதல் சொட்டில் கிடைக்காது. எனக்கு ஒன்பதாவதில் கிடைத்தது.

பதினான்காம் வளைவுப் பாசி அது. மூன்று மாதம் மேசை இழுப்பறையில் காய்ந்து கிடந்தது. மணல் துகள் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குண்டுக் குழந்தை தவழ்வதுபோல, பின்னங்கால் இரண்டையும் இழுத்து இழுத்து நடந்தது. நகங்கள் தெளிவாகத் தெரிந்தன. விளக்கைக் கூட்டினேன். நின்றது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. பிறகு வெளிச்ச வட்டத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. தகட்டை நகர்த்தித் தேடினேன், அன்றைக்கு அது மறுபடி அகப்படவில்லை.